யாரைக் கேட்டு எடுத்தாய்?

(கட்டற்ற மென்பொருளில் உரிமப் பொருத்தம் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் இந்தத் தலைப்பைப் பார்த்த தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர், "இது சொற்பொழிவா, விசாரணையா?" என்று கேட்டார். கொஞ்சம் விசாரணைதான். கட்டற்ற மென்பொருள் என்றால் யாரும் எடுக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்று நினைக்கிறோம். கேட்க வேண்டாம் என்பது உண்மை. எழுதியவர் முன்கூட்டியே பதில் சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பதிலைத்தான் உரிமம், அதாவது லைசென்ஸ், என்கிறோம். இரண்டு பேரிடம் எடுத்து ஒன்றாகக் கட்டும்போது, அந்த இருவர் சொல்லி வைத்த பதில்களும் ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டால் என்ன செய்வது? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

2021 மார்ச் கடைசி வாரத்தில் ஒரு நாள், ரூபி ஆன் ரெயில்ஸ் வைத்து இணையதளம் கட்டுகிறவர்கள் வழக்கம்போல 'பண்டில் இன்ஸ்டால்' என்ற கட்டளையைத் தட்டினார்கள். ஓடவில்லை. மைம்மேஜிக் என்ற நிரலகத்தின், அதாவது லைப்ரரியின், குறிப்பிட்ட பதிப்பைக் காணோம் என்று பிழை வந்தது. அதற்கு முந்தைய நாள்வரை இருந்த பதிப்பு அது. பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒரு நிரலகம் தங்கள் வீட்டில் குடியிருப்பதே அன்றுதான் தெரியும். ரெயில்ஸ் ஒரு நிரலகத்தை அழைக்கிறது, அது இன்னொன்றை அழைக்கிறது, அந்த இன்னொன்றுதான் மைம்மேஜிக்.

அதன் வேலை சின்னது. ஒரு கோப்பின் முதல் சில பைட்டுகளைப் பார்த்து, இது ஜேபெக் படமா, பிடிஎஃபா, ஜிப் கோப்பா என்று சொல்லும். அந்த அறிவை அது ஃப்ரீடெஸ்க்டாப் குழுவினர் பராமரிக்கும் ஓர் எக்ஸ்எம்எல் அட்டவணையிலிருந்து எடுத்துக்கொண்டது. அந்த அட்டவணை ஜிபிஎல் உரிமத்தில் வெளியானது. அதை உள்ளே வைத்துக்கொண்டு மைம்மேஜிக் தன் வாசலில் மாட்டியிருந்த பலகையோ எம்ஐடி உரிமம். பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை. ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். நிரலகத்தின் ஆசிரியர் நேர்மையானவர். உடனே ஒப்புக்கொண்டு, புதிய பதிப்பை ஜிபிஎல்லில் வெளியிட்டு, பழைய பதிப்புகளைக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அந்த நேர்மையால்தான் ஊரெல்லாம் விளக்கணைந்தது.

இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக இரண்டு உரிமங்களையும் நம் பேச்சில் சொல்லிவிடுகிறேன். எம்ஐடி சொல்வது: என் பெயரையும் இந்தக் குறிப்பையும் அழிக்காதே, ஏதாவது ஆனால் என்னைப் பிடிக்காதே, மற்றபடி உன் இஷ்டம். ஜிபிஎல் சொல்வது: நீ எந்த விதியில் வாங்கினாயோ அதே விதியில் அடுத்தவருக்குக் கொடு, மூலநிரலோடு கொடு, உன் பங்குக்கு ஒரு நிபந்தனைகூட மேலே ஏற்றாதே. இந்த வகையைக் காப்பிலெஃப்ட் என்பார்கள். தமிழில் அளிப்புரிமை என்ற சொல்லும் புழங்குகிறது, நல்ல சொல்.

ஜிபிஎல்லைப் பிடிக்காதவர்கள் அதை வைரஸ் என்று திட்டுவார்கள். எனக்கு உறைமோர் நினைவுக்கு வரும். ஒரு கரண்டி விட்டால் பானைப் பால் முழுக்கத் தயிர். ஆனால் இந்த உவமை பாதிதான் சரி. பால் தானாக உறைந்துவிடும். நிரல் தானாக ஜிபிஎல் ஆகிவிடாது. ஜிபிஎல் நிரலைச் சேர்த்துக்கொண்டு அதன் விதியை மீறி நீங்கள் விநியோகித்தால், அது பதிப்புரிமை மீறல். அவ்வளவுதான். அதைத் தீர்க்க உங்கள் நிரலையும் ஜிபிஎல்லுக்குக் கொண்டுவரலாம். அல்லது அந்தக் கரண்டி மோரை வெளியே எடுத்துவிட்டு வேறு வழி பார்க்கலாம். தயிரிலிருந்து உறைமோரைத் திரும்ப எடுக்க முடியாது, நிரலிலிருந்து முடியும்.

ரெயில்ஸ் குழுவினர் அதைத்தான் செய்தார்கள். ரெயில்ஸ் எம்ஐடி உரிமத்தில் வருவது, அதைப் போய் ஜிபிஎல்லுக்கு மாற்றப் போவதில்லை. அப்பாச்சி அறக்கட்டளையின் டிக்கா என்ற மென்பொருளிலும் இதேபோலக் கோப்பு வகைகளின் அட்டவணை இருக்கிறது, அப்பாச்சி உரிமத்தில். அதை வைத்து ஒரு மாற்று நிரலகத்தை ஒப்பேற்றி, சில நாட்களுக்குள் புதிய ரெயில்ஸ் பதிப்புகளை வெளியிட்டார்கள். மைம்மேஜிக்கும் பிறகு எம்ஐடிக்கே திரும்பியது. எப்படி என்றால், எக்ஸ்எம்எல் கோப்பைத் தன் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டது. வேண்டுமானால் நீங்களே உங்கள் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள், நான் அதைப் படித்துக்கொள்கிறேன் என்றது.

பொருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் உங்களுக்கு ஜாதகம் நினைவுக்கு வந்திருக்கும். பொருந்தும் இடம் ஒன்று உண்டு. தினப் பொருத்தம் பார்க்கும்போது பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து பையனின் நட்சத்திரம்வரை எண்ணுவார்கள். திருப்பி எண்ணினால் வேறு கணக்கு வரும். உரிமங்களிலும் அப்படித்தான், திசை முக்கியம். எம்ஐடி நிரலை ஜிபிஎல் திட்டத்துக்குள் கொண்டுபோகலாம். ஜிபிஎல் நிரலை எம்ஐடி என்று சொல்லிக் கொடுக்க முடியாது. இரண்டும் கட்டற்ற உரிமங்கள்தானே, என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கிறவர்கள் இந்தத் திசையில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

ஜிபிஎல்லின் 'மேலே ஒரு நிபந்தனைகூட ஏற்றாதே' என்ற வரிதான் பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம். எதிர்ப்பக்கத்து நிபந்தனை எவ்வளவு அற்பமாக இருந்தாலும் முட்டும். பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தன் பிஎஸ்டி நிரலுக்கு வைத்த பழைய உரிமத்தில் ஒரு விளம்பர நிபந்தனை இருந்தது: இந்த மென்பொருளின் வசதிகளைச் சொல்லி விளம்பரம் செய்தால், இதில் பல்கலைக்கழகத்தின் நிரல் இருக்கிறது என்று ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் அந்த உரிமத்தை நகலெடுத்தவர்கள், பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்த இடத்தில் தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். 1997ஆம் ஆண்டின் நெட்பிஎஸ்டி பதிப்பு ஒன்றில் இப்படிப்பட்ட வாக்கியங்களை ஜிபிஎல்லை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்ணிப் பார்த்தார். 75 இருந்தன. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பட்டியல்கூட அவ்வளவு நீளம் இருக்காது. 1999 ஜூலையில் பல்கலைக்கழகம் தன் நிபந்தனையை விலக்கிக்கொண்டது. ஆனால் அது விலக்கியது தன் பெயரில் இருந்ததை மட்டுந்தான். மற்றவர்கள் போட்டுக்கொண்டதை அவரவர்தான் விலக்க வேண்டும்.

அப்படி விலக்காமல் தங்கியவற்றில் பெரியது ஓப்பன்எஸ்எஸ்எல். வங்கித் தளத்தின் முகவரிக்குப் பக்கத்தில் சில உலாவிகளில் பூட்டுப் படம் தெரிகிறதே, அதற்குப் பின்னால் உலகின் ஏராளமான சர்வர்களில் ஓடுவது இதுதான். இதன் பழைய உரிமத்திலும் விளம்பர நிபந்தனை இருந்தது. ஆகவே ஜிபிஎல் மென்பொருள்கள் இதோடு சேர முடியவில்லை. இணையத்திலிருந்து கோப்புகளை இறக்கும் டபிள்யுகெட் போன்றவை தங்கள் உரிமத்திலேயே 'ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு மட்டும் விதிவிலக்கு' என்று ஒரு பத்தி சேர்த்துக்கொண்டன. ஜிபிஎல் பிறந்த குனூ திட்டத்தின் தரப்பில் இதே வேலையைச் செய்ய குனூடிஎல்எஸ் என்று ஒன்றை முதலிலிருந்து எழுதினார்கள். ஒரு வாக்கியத்துக்காக ஒரு மறையாக்க நிரலகத்தையே மறுபடி எழுதினார்கள் என்றால் நம்புவீர்களா? எழுதினார்கள்.

2017 மார்ச்சில் ஓப்பன்எஸ்எஸ்எல் குழு, உரிமத்தை அப்பாச்சி 2.0க்கு மாற்றப் போகிறோம் என்று, அதுவரை நிரல் கொடுத்த கிட்டத்தட்ட 400 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பியது. அதில் ஒரு வரி பெரிய சர்ச்சையானது. பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்வோம் என்பது அந்த வரி. மௌனம் சம்மதம் என்பது பெண் பார்க்கும் கூடத்திலேயே சந்தேகத்துக்கு உரியது. பதிப்புரிமைச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. பலர் கொதித்தார்கள். என் பார்வையிலும் அந்த வரி எழுதியிருக்கக் கூடாது. பிறகு ஆட்களைத் தேடி, பதில் வாங்கி, ஒப்புதல் கிடைக்காத பகுதிகளை நீக்கி, புதிய உரிமத்தோடு 3.0 வெளிவந்தது 2021 செப்டம்பரில். நாலரை ஆண்டு.

இவ்வளவு பாடுபட்டுத் தேர்ந்தெடுத்த அப்பாச்சி 2.0, ஜிபிஎல் மூன்றாம் பதிப்போடு பொருந்தும், இரண்டாம் பதிப்போடு பொருந்தாது. அங்கே முட்டுவது விளம்பரமில்லை, காப்புரிமை. இந்தச் சொல்லை நாம் பேட்டன்ட்டுக்கும் சொல்கிறோம், காப்பிரைட்டுக்கும் சொல்கிறோம். செய்தித்தாளில் 'காப்புரிமை வழக்கு' என்று படித்தால் எதுவென்று தெரிய இரண்டாம் பத்திவரை போக வேண்டியிருக்கிறது. இன்று நான் காப்பிரைட்டைப் பதிப்புரிமை என்றும் பேட்டன்ட்டைக் காப்புரிமை என்றும் சொல்கிறேன். அப்பாச்சி 2.0 என்ன சொல்கிறதென்றால், இந்த மென்பொருள் உன் காப்புரிமையை மீறுகிறது என்று நீ வழக்குப் போட்டால், இதற்காக உனக்குக் கொடுத்த காப்புரிமை அனுமதி அத்தோடு ரத்து. நியாயமான விதிதான். ஆனால் 1991இல் எழுதிய ஜிபிஎல் இரண்டில் அது இல்லை. ஆகவே அது 'மேலே ஏற்றிய நிபந்தனை' ஆகிவிடுகிறது. 2007இல் ஜிபிஎல் மூன்று வந்தபோது இந்தச் சுவரை இடித்தார்கள், அதுவும் ஒரு பக்கமாக: அப்பாச்சி நிரல் ஜிபிஎல் மூன்றுக்குள் போகலாம், திரும்பி வர முடியாது.

ஜிபிஎல் இரண்டும் மூன்றுமே ஒன்றோடொன்று பொருந்தாது என்றால் சிலர் சிரிப்பார்கள். லிப்ரேகேட் என்ற கட்டட வரைபட மென்பொருளைக் கேட்டால் சிரிக்காது. அது 'இரண்டாம் பதிப்பு மட்டும்' என்ற நிபந்தனையோடு வந்த பழைய நிரலிலிருந்து கிளைத்தது. ஆட்டோகேடின் டிடபிள்யுஜி கோப்புகளைப் படிக்க குனூ திட்டத்திலேயே லிப்ரேடிடபிள்யுஜி என்ற நிரலகம் இருந்தது, மூன்றாம் பதிப்பில். இரண்டும் ஜிபிஎல், இரண்டும் ஒரே கொள்கை, சேர முடியாது. லிப்ரேகேட் தரப்பில் தாங்களே வேறொரு நிரலகத்தை எழுதிக்கொண்டார்கள். 'அல்லது இதற்குப் பிந்தைய எந்தப் பதிப்பும்' என்ற நாலைந்து சொற்கள் தலைப்பில் இருந்திருந்தால் அந்த உழைப்பு வேண்டியிருக்காது.

சட்ட நுணுக்கங்களை எத்தனை பேசினாலும் கடைசியில் நிற்பது ஒரே கேள்வி: யாரைக் கேட்க வேண்டும்? ஒரு நிறுவனம் முழுவதையும் எழுதியிருந்தால் ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும். நூறு பேர் எழுதியிருந்தால் நூறு கையெழுத்து. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் 'இலக்கியப் படைப்பு' என்ற வகையில் வருகிறது. இங்கே இலக்கியம் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் அலமாரியில் நாங்களும் ஒரு மூலையில் இருக்கிறோம். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள்வரை உரிமை வாரிசுகளுக்கு. ஓர் எழுத்தாளரின் நூல்களை நாட்டுடைமையாக்கும்போது அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து வாங்கிக்கொள்கிறது. நிரலுக்கு அப்படி வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. திட்டத்தின் பராமரிப்பாளர்தான் கதவு கதவாகத் தட்ட வேண்டும்.

தட்டியவர்கள் உண்டு. விஎல்சி பிளேயர் நம்மில் பலரின் கணினியில் இருக்கிறது, ஆரஞ்சுக் கூம்புப் படம். எக்கோல் சென்ட்ரால் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கியது. 2001இல் ஜிபிஎல்லில் வெளியானது. ஐபோனுக்கான விஎல்சியை 2011 ஜனவரியில் ஆப்பிள் தன் கடையிலிருந்து நீக்கியது. விஎல்சியின் முக்கிய நிரலாளர்களில் ஒருவரே, ஆப்பிள் கடையின் பயன்பாட்டு விதிகள் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாது என்று புகார் கொடுத்திருந்தார். வீட்டுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. அதன் பிறகு ழான்-பாப்டிஸ்ட் கெம்ஃப் தலைமையில், உள்ளிருக்கும் இயந்திரத்தை எல்ஜிபிஎல் என்ற இளகிய உரிமத்துக்கு மாற்றும் வேலை நடந்தது. இருநூற்றுக்கும் மேற்பட்ட பங்களிப்பாளர்களின் சம்மதம். பத்து ஆண்டுக்கு முன் கல்லூரி முகவரியிலிருந்து நிரல் அனுப்பிவிட்டுப் போன மாணவரை இன்று எங்கே பிடிப்பது? பிடித்தார்கள். 2011 முடிவில் மையப்பகுதி, 2012இல் மற்ற பெரும்பாலான பகுதிகள். மாற்ற முடியாத சில செருகுநிரல்கள் ஜிபிஎல்லிலேயே நின்றுவிட்டன. 2013 ஜூலையில் விஎல்சி அந்தக் கடைக்குத் திரும்பியது.

கேட்கவும் முடியாது, திரும்ப எழுதவும் முடியாது என்றால் தள்ளி வைத்துப் பார்ப்பார்கள். சன் நிறுவனம் 2005இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை சிடிடிஎல் உரிமத்தில் இருக்கிறது. லினக்ஸ் கர்னல் ஜிபிஎல் இரண்டு மட்டும். இந்த உரிமங்கள் ஒன்றோடொன்று முட்டும். ஆனால் லினக்ஸ்காரர்களுக்கு இசட்எஃப்எஸ் வேண்டும். அதனால் இசட்எஃப்எஸ்ஸைத் தனியாக இறக்கி, உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்து செருகிக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. நீங்கள் அதை விநியோகிக்கவில்லையே! 2016இல் உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கல் தன் 16.04 பதிப்பில் ஒரு படி மேலே போய், கம்பைல் செய்த கோப்பையே சேர்த்துக் கொடுத்தது. அவர்களுடைய வழக்கறிஞர்கள் சரி என்றார்கள், சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு இது மீறல் என்றது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2020இல், சன்னை வாங்கிய ஆரக்கிளின் தலைமைச் சட்ட ஆலோசகரோ அதன் நிறுவனர் லாரி எல்லிசனோ கையெழுத்திட்ட கடிதம் வரும்வரை தான் அதைக் கர்னலில் சேர்ப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டார். கையெழுத்து ஒன்றில் தீரக்கூடிய சிக்கலில்கூட அந்தக் கை நீளவில்லை.

நான் மாணவர்களுக்கு இந்த விஷயத்தைச் சொல்லிக்கொடுக்க எஃப்எஃப்எம்பெக்கைத்தான் திறந்து காட்டுவேன். வீடியோவை மாற்றும் அந்த மென்பொருளைக் கம்பைல் செய்யும்போது எக்ஸ்264 என்ற நிரலகம் வேண்டும் என்று சொல்லுங்கள். அது ஜிபிஎல், நீ ஜிபிஎல்லுக்குச் சம்மதம் என்று சொல்லவில்லையே என்று நின்றுவிடும். 'எனேபிள் ஜிபிஎல்' என்று சேர்த்தால் நகரும். அதோடு ஃப்ரான்ஹோஃபரின் ஏஏசி நிரலகமும் வேண்டும் என்றால் மறுபடி நிற்கும். 'எனேபிள் நான்ஃப்ரீ' என்று சேர்த்தால் கட்டிக் கொடுக்கும், ஆனால் கடைசியில் உரிமம் என்ற இடத்தில் 'விநியோகிக்கக் கூடாதது' என்று எழுதிவிடும். உன் வீட்டில் வைத்துக்கொள், வெளியே கொடுக்காதே. மணிக்கணக்கில் நான் பேசுவதைவிட அந்த ஒரு வரி மாணவர்களுக்கு நன்றாகப் புரிகிறது.

கடைசியாக என் சொந்தக் கதை. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற, நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன மென்பொருள் வைத்திருந்தோம். எம்ஐடி உரிமம். மூன்று ஆண்டு நிம்மதியாக ஓடியது. ஒரு நாள், லினக்ஸ் வழங்கல் ஒன்றில் பொதி தயாரிக்கும் தன்னார்வலர் எழுதினார்: உங்கள் எழுத்து அட்டவணை, ஜிபிஎல்லில் வந்த இன்னொரு மாற்றியில் இருப்பதுதானே?

நான் கொஞ்சம் எகத்தாளமாகவே பதில் எழுதினேன். எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது எழுத்துருவே முடிவு செய்வது, யார் எழுதினாலும் இதே அட்டவணைதான் வரும், இதில் யாருக்கு என்ன பதிப்புரிமை? வாதம் மோசமில்லை. அவர் இரண்டு வரி எண்களை மட்டும் அனுப்பினார். முதல் வரியில் ஔ வரவேண்டிய இடத்தில் ஒகரமும் ளகரமுமாக 'ஒள' என்று இருந்தது, இரண்டு கோப்பிலும். அடுத்த வரியில் ஒரு குறிப்பு: 'தற்காளிகம்'. அதுவும் இரண்டு கோப்பிலும். எழுத்துரு முடிவு செய்யலாம். எழுத்துப்பிழையை எழுத்துரு முடிவு செய்யாது.

அட்டவணையை எங்களுக்குக் கொடுத்தவரின் மின்னஞ்சல் திரும்பி வந்தது. நண்பரின் நண்பர் மூலம் எண் பிடித்துப் பேசினேன். "அண்ணா, அது காலேஜ்ல போட்டது. நெட்ல கிடச்சுது, எங்கன்னு ஞாபகம் இல்ல" என்றார். கோபப்பட எனக்குத் தகுதி இல்லை. வாங்கும்போது எங்கிருந்து என்று நானும் கேட்கவில்லை. அசல் ஆசிரியரின் பெயர் கிடைத்தது, முகவரி கிடைக்கவில்லை. அவருக்காக ஆறு மாதம் காத்திருந்தோம்.

பிறகு ஒரு முதலாண்டு மாணவியைப் பிடித்தோம். இரண்டு கோப்பையும் பார்த்திராதவர் என்பதுதான் அவருடைய தகுதி. ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு மென்பொருளில் எழுத்துருவைத் திறந்து, ஒவ்வொரு வடிவமாகப் பார்த்து அவரே புதிதாக அட்டவணை எழுத வேண்டும். பழையதைப் பார்த்த நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவு. கஷ்டமான இடங்களில், "சார், பழசுல இதுக்கு என்ன போட்டிருந்தீங்க?" என்று கேட்பார். தெரிந்தும் சொல்ல முடியாமல் டீ குடிக்கப் போய்விடுவேன். இரண்டு வார இறுதிகளில் முடித்தார். எங்கிருந்து பார்த்து எழுதியது, யார் எழுதியது, என்ன உரிமம் என்று கோப்பின் தலையிலேயே மூன்று வரி போட்டோம்.

அவருடைய அட்டவணையில் ஔ சரியாக வந்தது. ஸ்ரீ விட்டுப்போயிருந்தது. மூன்று மாதம் கழித்து, கும்பாபிஷேக மலர் போடுகிற ஒரு குழுவினர் தங்கள் பழைய கோப்பை மாற்றிப் பார்த்துவிட்டு, ஸ்ரீ வரும் இடமெல்லாம் வெறும் கட்டமாக இருக்கிறதே என்று எழுதினார்கள். அந்தப் பிழை முழுக்க முழுக்க எங்களுடையது. யாரையும் கேட்காமல் அன்று இரவே திருத்தினோம்.